லாரிக்கு ஞானத்தாய்

மானிடவியல் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் வருடமே ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். யார் எதற்குக் கூப்பிட்டாலும் மறுத்துச் சொல்ல வாய் வராது. கல்யாணமா, போயாகவேண்டும். சாவா, போயாகவேண்டும். பக்கத்து வீட்டில் பன்றி அறுக்கிறார்களா, ஓடிப்போய்ப் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கூட இரு, கூடச் செய், கூடச் சாப்பிடு, அப்புறம் வந்து எழுது என்று வகுப்பில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அம்பாரோ அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. அதனால் வியாதியும் அவளுக்குத்தான் முற்றியிருந்தது.

படிப்பு புவெப்லா நகரத்தில். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட ஊர் மலையடிவாரத்துச் சான் பர்தோலோ. ஊருக்கு இரண்டே தெரு, மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று, நடுவில் ஓர் ஊற்று. பூட்டன் காலத்தில் ஒரு திருவிழா வாரத்தில் மேலத்தெருக்காரர்கள் ஊற்றுத் தண்ணீரை ராவோடு ராவாகத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். கீழத்தெரு மாடுகள் தாகத்தில் கதறின. அன்றைக்கு முறிந்த பேச்சுவார்த்தை. இப்போது இரண்டு தெருவுக்கும் குழாயில் தண்ணீர் வருகிறது, ஊற்றில் துணி துவைக்கக்கூட ஆளில்லை. சண்டை மட்டும் வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்பாரோ ஆராய்ந்தது ஞானப்பெற்றோர் உறவை. எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது கையில் ஏந்தி நிற்கிறவள் பிள்ளைக்கு ஞானத்தாய். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அவள் அன்று முதல் 'கொமாத்ரே', ஆணாயிருந்தால் 'கொம்பாத்ரே'. ஏறக்குறைய சம்பந்தி மாதிரிதான். ஆனால் சம்பந்தியோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு கூடாது. நேற்று வரை வாடி போடி என்று பேசிக்கொண்டவர்கள்கூட அன்று முதல் வாங்க போங்க. அவள் வீட்டு விசேஷம் என்றால் அறுவடையை நிறுத்திவிட்டுப் போகவேண்டும். பிள்ளைக்கு மட்டும்தான் என்றும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்தால் அதற்கு ஒரு ஞானத்தகப்பன், பதினைந்து வயதுக் கொண்டாட்டத்தில் கேக்குக்கு ஒரு ஞானத்தாய், புது வீட்டுக்கு ஒரு ஜோடி. இந்த மாதிரி விஷயத்தில் எங்களுக்குக் கை கொஞ்சம் தாராளம்.

அம்பாரோ பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எல்லாம் புரட்டினாள். தூசியில் தும்மித் தும்மி மூக்கே சிவந்துபோயிற்று. ஊற்றுச் சண்டைக்கு முன்னால் மேலத்தெருப் பிள்ளைகளைக் கீழத்தெருக்காரர்கள் ஏந்தியிருக்கிறார்கள், கீழத்தெருப் பிள்ளைகளை மேலத்தெருக்காரர்கள் ஏந்தியிருக்கிறார்கள். சண்டைக்குப் பின்னால் ஒன்றுகூட இல்லை. இதை ஒரு நீளமான தாளில் படமாகப் போட்டாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், ஞான உறவுக்குச் சிவப்புக் கோடு. மேலே ஒரு கூட்டம் சிலந்தி வலை மாதிரி, கீழே ஒரு கூட்டம் சிலந்தி வலை மாதிரி, நடுவில் கை அகலத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைதான் அவளுடைய கண்டுபிடிப்பு. ஆய்வேட்டின் கடைசி வரியும் அதைத்தான் சொன்னது: "இவ்விரு தெருக்களையும் இணைக்கும் ஞான உறவு இன்று எதுவும் இல்லை."

போன வருடம் இந்த ஆய்வேட்டோடு வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது டாக்டர் பர்ராகான் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பர்ராகான் வரலாற்றுத் துறைக்காரர். ஒல்லி, உயரம், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். ஆய்வேட்டைத் துண்டு துண்டாக்குவதால் மாணவர்கள் அவரை 'ரம்பம்' என்பார்கள்.

"இருக்குன்னு காட்டுறது சுலபம்மா," என்றார் அன்று. "இல்லைன்னு காட்டணும்னா எல்லா இடத்துலயும் தேடியிருக்கணும். தேடிட்டு வா."

போய்த் தேடினாள். இன்னொரு வருடம் தும்மினாள். இப்போது இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை என்று விதியில் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமை தேறினால் முனைவர் படிப்பில் அவளுக்கு வைத்திருக்கும் இடம் நிற்கும். தேறாவிட்டால் அந்த இடமும் போகும், இத்தனை வருடப் படிப்பும் போகும். அப்புறம் அம்மா அப்பா இருக்கும் எல்லைப்புறத்து ஊருக்கே போய், அவர்களோடு தொழிற்சாலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பாகம் பூட்டவேண்டியதுதான்.

அவளுடைய நெறியாளர் டாக்டர் லுக்ரேசியா நல்ல மனுஷி, பயந்த மனுஷி. முந்தின நாள் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொன்னார்.

"அந்த ஆள்கிட்ட வாய் குடுக்காத. வெயில் அடிக்கும்போது மழைன்னு சொன்னா, ஆமா சார்னு குடையை விரி. ஆனா ஒண்ணு, அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடாத. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"விடமாட்டேன் மேடம்."

"ஊர்க்காரங்க யாரையாவது கூப்பிட்டிருக்கியா?"

"ரெண்டு பேருக்குச் சொன்னேன். வேலை நாள் மேடம், யாரும் வரமாட்டாங்க."

இதைச் சொன்னவள் ஞானப்பெற்றோர் உறவைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள். என்ன சொல்வது.

அந்த ரெண்டு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேலத்தெருவில் கிரெசென்சியோ, காய்கறி வியாபாரி, வாயாடி. அம்பாரோ ஊருக்குப் போன முதல் வருடம் அவர் ஒரு பழைய லாரி வாங்கினார். பூசை போட்டு மந்திரிக்கப் பாதிரியாரைக் கூப்பிட்டிருந்தார்.

"டீச்சரம்மா, லாரிக்கு ஞானத்தாயா நில்லுங்களேன். எங்க சொந்தத்துல நிக்கிறதுக்கு ஆளு தீர்ந்துபோச்சு," என்றார்.

அம்பாரோவுக்கு மறுக்க வாய் வருமா? பூ வாங்கி வந்தாள், லாரி மூக்கில் வெள்ளை ரிப்பன் கட்டினாள், பாதிரியார் தெளித்த தண்ணீரில் பாதியை முகத்தில் வாங்கிக்கொண்டாள். அன்று முதல் கிரெசென்சியோவுக்கும் அவர் மனைவி டெல்ஃபினாவுக்கும் அவள் கொமாத்ரே. இன்னொருவர் கீழத்தெரு எர்மினியா, ரொட்டி சுடுகிறவள், கைம்பெண், கோபக்காரி. மறு வருடம் அவள் புது அடுப்புக் கட்டியபோது அதற்கும் ஞானத்தாய் அம்பாரோதான். முதல் ரொட்டியை உள்ளே தள்ளியது அவள் கை. ரொட்டி கருகிப்போனதை எர்மினியா யாருக்கும் சொல்லவில்லை, கொமாத்ரே ஆயிற்றே.

இரண்டையும் அம்பாரோ தன் களக்குறிப்பில் 'பங்கேற்பு' என்ற தலைப்பில் எழுதிவைத்தாள். படத்தில் போடவில்லை. போடவேண்டும் என்று தோன்றவும் இல்லை. படத்தில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள், அவள் படம் போடுகிறவள். கல்யாண வீட்டில் போட்டோ பிடிப்பவன் எந்தப் படத்திலும் இருக்கமாட்டான் அல்லவா, அப்படி.

வெள்ளிக்கிழமை வந்தது. கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் நீள அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவர், பாதி தூக்கத்தில், வலப்பக்கம் லுக்ரேசியா, கையில் ஜெபமாலை இல்லாத குறைதான், இடப்பக்கம் பர்ராகான், பென்சிலைக் காதிலிருந்து கையில் எடுத்திருந்தார். அம்பாரோ படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நன்றாகவே பேசினாள். பதிவேடுகள், சண்டைக்கு முன், சண்டைக்குப் பின், தெருவாரியாக, தலைமுறைவாரியாக. லுக்ரேசியா முகத்தில் ரத்தம் திரும்பிவந்தது.

"ஆக," என்று முடிவுக்கு வந்தாள் அம்பாரோ, "இன்னிக்கு வரைக்கும் இந்த ரெண்டு தெருவும் ஒரே விசேஷத்துக்குப் போறதில்ல, ஒரே பந்தியில உக்கார்றதில்ல, ஒருத்தருக்கொருத்தர் நேரா பேசுறதும் இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. முதலில் ஒரு பானை வந்தது. பானை என்றால் வீட்டுப் பானை இல்லை, ஊர்ப் பந்திக்கு மோலே குழம்பு வைக்கிற பெரிய மண்பானை. அதன் ஒரு காதைக் கிரெசென்சியோ பிடித்திருந்தார். இன்னொரு காதை எர்மினியா பிடித்திருந்தாள். இருவரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள், அதனால் வழி பார்க்க ஆளில்லாமல் பானை கதவில் இடித்தது. பின்னால் டெல்ஃபினா, இடுப்பில் ரொட்டிக் கூடை, முகத்தில் வழியெல்லாம் பட்ட பாடு.

"டெல்ஃபினா, அந்தம்மாவை அவங்க பக்கம் கொஞ்சம் இறக்கச் சொல்லு," என்றார் கிரெசென்சியோ.

"டெல்ஃபினா, உன் புருஷனைக் குழம்பு சிந்தாம நடக்கச் சொல்லு," என்றாள் எர்மினியா.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்றாள் டெல்ஃபினா.

அம்பாரோவைப் பார்த்ததும் இருவர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்தது. "கொமாத்ரே," என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கூப்பிட்டன. பானையைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள், நடுவில் டெல்ஃபினாவை வேலியாக வைத்துக்கொண்டு. மோலே வாசனை அறை முழுக்க எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த தலைவர் கண்ணைத் திறந்தார்.

பர்ராகான் அவசரப்படவில்லை. பானையைப் பார்த்தார், கடைசி வரிசையைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"சான் பர்தோலோக்காரங்க சார்."

"எந்தத் தெரு?"

அம்பாரோ சுவர்ப் படத்தின் பக்கம் திரும்பினாள். அதற்குள் கிரெசென்சியோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். "நான் மேலத்தெரு ஐயா. அந்தம்மா கீழத்தெரு. என் லாரியிலதான் வந்தோம். பேருந்துக்காரன் பானையை ஏத்தமாட்டேன்னுட்டான். அந்தம்மா ரோட்டுல பானையோட நிக்கிது. என்ன ஆனாலும் எங்க கொமாத்ரே விசேஷத்துக்குப் போற சாப்பாடு, அதை வெயில்ல விட்டுட்டுப் போகலாமா? பாவம் இல்லையா?"

"சாப்பாட்டைத்தான் ஏத்தினாங்க. நான் அதுகூட வந்தேன்," என்றாள் எர்மினியா கூரையைப் பார்த்து.

"உக்காருங்க," என்றார் பர்ராகான் மரியாதையாக. பிறகு அம்பாரோ பக்கம் திரும்பினார். "ஒரே விசேஷத்துக்குப் போறதில்லன்னு இப்பத்தான் சொன்னே. ரெண்டு தெருவும் ஒரே பானையைத் தூக்கிட்டு வந்திருக்கு. ரெண்டு பேரும் உன்னைக் கொமாத்ரேன்னு கூப்பிடுறாங்க. உன் படத்துல நீ எங்க இருக்கே?"

"நான் படத்துல இல்ல சார்."

"ஏன்? நீ இவங்களுக்குக் கொமாத்ரே இல்லையா?"

லுக்ரேசியா மேசைக்கு அடியில் கையைப் பிசைந்தார். பிறகு தன் மாணவியைக் காப்பாற்ற அவரே வழி எடுத்துக் கொடுத்தார்.

"லாரிக்கும் அடுப்புக்கும் நின்னதுதானே அம்பாரோ? அதெல்லாம் கோயில் பதிவேட்டுல வராது. உன் வரையறைப்படி அது கணக்குல சேராது, அப்படித்தானே? அதைச் சொல்லிடு, போதும்."

உண்மையிலேயே அது போதும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் கோயிலில் பதிவானது மட்டுமே ஞான உறவு என்று வரையறை இருக்கிறது, பர்ராகானே போன வருடம் அதை ஒத்துக்கொண்டவர். "அது கணக்கில் சேராது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் வெள்ளை இடம் வெள்ளையாகவே இருக்கும், கடைசி வரி நிற்கும், முனைவர் படிப்பும் நிற்கும். அம்பாரோ அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

கடைசி வரிசையில் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு விவகாரம் அவர்களுக்குப் புரியவில்லை, கேள்வி நன்றாகப் புரிந்தது. நீ இவர்களுக்குக் கொமாத்ரே இல்லையா? கிரெசென்சியோ தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். எர்மினியா முதல் தடவையாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கினாள். வெள்ளிக்கிழமை சந்தை நாள், இந்த மனிதர் காய்கறியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவர்கள் முகத்துக்கு நேரே "அது கணக்கில் சேராது" என்று எப்படிச் சொல்வது? இப்போதும் மறுக்க வாய் வரவில்லை. ஆனால் வகுப்பில் பிடித்த வியாதி அல்ல இது, வேறு ஏதோ.

"சேரும் சார்," என்றாள். "நான் இவங்களுக்குக் கொமாத்ரேதான். லாரிக்கு நின்னேன், அடுப்புக்கு நின்னேன். ரெண்டும் சேரும்."

"அப்படின்னா கடைசி வரி?"

"தப்பு சார்."

லுக்ரேசியா கண்ணை மூடிக்கொண்டார். அம்பாரோ சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். அத்தனை நாள் தொடவே விடாத அந்த வெள்ளையின் நடுவில் ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கோடு நேராக வரவில்லை.

"கொமாத்ரே, எங்க தெருக் கோடு கொஞ்சம் மெலிசா இருக்கே," என்றார் கிரெசென்சியோ பின்னாலிருந்து.

"டெல்ஃபினா, உன் புருஷனை வாயை மூடச் சொல்லு. பரீட்சை நடக்குது," என்றாள் எர்மினியா.

தலைவர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மூவரும் கூடிப் பேசி முடிவு சொல்லவேண்டும். நடைவழியில் ஒரு பெஞ்சு. அம்பாரோ அதில் பொத்தென்று உட்கார்ந்தாள். பானை உள்ளேயே இருந்தது. தேர்வாளர்களோடு அதைத் தனியாக விட்டுவந்தது சரியா என்று எர்மினியாவுக்குக் கவலை.

"தேறிடுவீங்கல்ல கொமாத்ரே?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"மாட்டேன் கொமாத்ரே. என் ஆய்வே தப்புன்னு நானே சொல்லிட்டேன்."

"ஒரு வரிதானே தப்பு? அழிச்சிட்டு எழுதினா ஆச்சு. நான் தினம் விலைப்பட்டியல் எழுதுறேனே, தினம் தப்பு," என்றார் கிரெசென்சியோ.

அம்பாரோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எல்லைப்புறத் தொழிற்சாலை கண்முன் வந்துபோயிற்று. ஆனாலும் விசித்திரம், போன வருடம் இதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது இருந்த வலி இப்போது இல்லை.

பெரியவர்கள் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பட்டம் வாங்கினால் பட்டத்துக்கு ஞானத்தாய் வேண்டுமே, யார் நிற்பது?

"நான்தான். டெல்ஃபினா, சொல்லிடு. குழம்பு என்னோடது," என்றாள் எர்மினியா.

"டெல்ஃபினா, லாரி முதல்லயா அடுப்பு முதல்லயான்னு கேளு. அவங்க முதல்ல கொமாத்ரே ஆனது எங்களுக்குத்தான். ஞானத்தகப்பனா நிக்கப் போறது நான்தான்."

"அடுப்பு இல்லாம மனுஷன் இருக்கமுடியாதுன்னு சொல்லு."

"லாரி இல்லாம அந்தக் குழம்பு இங்க வந்திருக்காதுன்னு சொல்லு."

டெல்ஃபினா கூடையைத் தரையில் வைத்தாள். "காலையில ஊரைத் தாண்டினதுலேருந்து நான் இதைத்தான் செய்யறேன். அவர் சொன்னதை இவங்ககிட்ட, இவங்க சொன்னதை அவர்கிட்ட. ஜன்னலை ஏத்து, ஜன்னலை இறக்கு, மெதுவாப் போ, இதைவிட மெதுவாப் போனா கழுதை முந்திரும். என் தொண்டை போச்சு. ஞானத்தகப்பனா ஒருத்தர் நில்லுங்க, ஞானத்தாயா ஒருத்தர் நில்லுங்க. விசேஷத்துக்கு ஜோடியா நிக்கிறதுதானே வழக்கம்? எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல."

அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நாலு பேருக்கும் தெரியும். ஒரே விசேஷத்துக்கு ஜோடியாக நின்றவர்கள் தங்களுக்குள்ளும் கொம்பாத்ரே, கொமாத்ரே. அம்பாரோ இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறாள். அவள் போட்ட வட்டம் நடுவில் நிற்கிற ஆள், அவ்வளவுதான். இது தெருவுக்கும் தெருவுக்கும் நேர்க்கோடு. பூட்டன் காலத்துக்குப் பின் யாரும் போடாத கோடு. கிரெசென்சியோ தன் செருப்பைப் பார்த்தார். எர்மினியா கூடையில் ரொட்டியை மாற்றி மாற்றி அடுக்கினாள். வேறு நாளாயிருந்தால் அம்பாரோ குறிப்பேட்டை எடுத்திருப்பாள். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல அவங்க தேறட்டும்," என்றாள் எர்மினியா கடைசியில். மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

கதவு திறந்தது. தலைவர் முடிவை வாசித்தார். ஆய்வேடு ஏற்கப்படுகிறது. ஏகமனதாக அல்ல, பெரும்பான்மையாக. கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுதித் தரவேண்டும். முனைவர் படிப்புக்குப் பரிந்துரை உண்டு. லுக்ரேசியா ஓடிவந்து அம்பாரோவைக் கட்டிக்கொண்டார்.

"எதிர் ஓட்டு என்னோடதுதான்," என்றார் பர்ராகான் நேராக. "தப்பான வரியோட வந்த ஆய்வேடு தப்பான ஆய்வேடுதான். ஆனா திருத்தின அத்தியாயத்தை முதல்ல எனக்கு அனுப்பு. படிக்கணும்னு இருக்கு."

"ஒருத்தர்தான் எதிரா?" என்றார் கிரெசென்சியோ. "எங்க ஊர்ல ஒரு ரோடு போடணும்னாலே பாதிப் பேர் எதிர்ப்பாங்க ஐயா. இது நல்ல வெற்றி. சாப்பிட்டுத்தான் போகணும், இல்லன்னா எங்க கொமாத்ரே மனசு நோகும்."

பர்ராகான் மறுக்கவில்லை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே. பானை திறக்கப்பட்டது, ரொட்டி பிரிக்கப்பட்டது, அடுத்த அறை மாணவர்கள் எல்லாம் வாசனை பிடித்து வந்துசேர்ந்தார்கள். தலைவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டியதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். கிரெசென்சியோவும் தட்டு ஏந்தி வந்தார். எர்மினியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நல்ல வான்கோழித் துண்டாகப் பார்த்துத்தான் போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் பட்டத்துக்குப் படம் எடுக்கவேண்டும். துறை உதவியாளர் புகைப்படக் கருவியோடு வந்து, "ஞானப்பெற்றோர் யாரு? பக்கத்துல வந்து நில்லுங்க," என்றாள்.

அம்பாரோ யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுவரோரம் தனியாக நின்றாள், சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளுக்கு முன்னால். பிறகு எர்மினியா இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவந்து அவள் வலப்பக்கம் நின்றாள். கிரெசென்சியோ தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். டெல்ஃபினா அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவரும் வந்தார். ஆனால் இடப்பக்கத்தில் நாற்காலி ஒன்று இருந்ததால் எர்மினியாவுக்குப் பின்னால்தான் நிற்க இடம் கிடைத்தது.

"ஐயா, உங்க முகம் தெரியல," என்றாள் உதவியாளர்.

கிரெசென்சியோ பழக்கத்தில் டெல்ஃபினாவைத் தேடினார். டெல்ஃபினா எங்கேயோ ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே இருக்கலாம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முன்னால் இருந்த தோளைத் தொடலாமா கூடாதா என்று கையை எடுத்து, தொடாமல் இறக்கினார்.

"கொமாத்ரே," என்றார் எர்மினியாவிடம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானும் படத்துல விழணும்ல."

எர்மினியா தள்ளி நின்றாள். "வாங்க கொம்பாத்ரே," என்றாள், எதிரே இருந்த கருவியைப் பார்த்தபடியே.

அந்தப் புகைப்படம் இப்போது சான் பர்தோலோவில் எர்மினியாவின் கடையிலும் இருக்கிறது, கிரெசென்சியோவின் லாரியிலும் இருக்கிறது. இருவரும் விறைப்பாக, சிரிக்காமல், நேராகப் பார்க்கிறார்கள். பக்கத்தில் அம்பாரோ மட்டும் இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதால் அவள் முகம் சரியாகத் தெரியாது.